தம்பி வண்டி வெளிச்சம்

மோகன்குமாரின் வண்டி தெருமுனையில் திரும்பியதும் பந்தலுக்கு அடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சத்தியமங்கலத்தில் தங்கை பூவாத்தாள் வீட்டில் அன்று அவள் மகள் யுவஸ்ரீக்கு நிச்சயம். இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் தரையோடு தரையாக வந்து, கோலம், வாழைமரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சமையல்காரரின் அண்டா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு நின்றது.

"பட்டப்பகலாட்டம் இருக்குது பாருங்க," என்றார் யாரோ.

"கோலத்துல புள்ளிய எண்ணிப்போடலாம்," என்றாள் பூவாத்தாளின் நாத்தனார். வாய்த்துடுக்குக்காரி. அதோடு விட்டாளா? திரும்பி மோகன்குமாரின் அண்ணன் ஐயாசாமியைப் பார்த்து, "பெரியண்ணன் வண்டி வந்தப்ப யாரோ லாந்தர் புடிச்சுட்டு வாராங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க," என்றாள்.

பந்தல் சிரித்தது. ஐயாசாமியும் சிரித்தார். சிரிக்காவிட்டால் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொல்லுவாள்.

வண்டியிலிருந்து இறங்கிய மோகன்குமார் நேரே அவரிடம்தான் வந்தான். "வந்து நேரமாச்சுங்ளா, ண்ணா?" என்று கேட்டான். கேட்டதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் வண்டியின் விளக்குகள் அணையாமல் இன்னும் ஒரு நிமிஷம் எரிந்துகொண்டிருந்தன. எஜமான் இறங்கி நடக்க வழி காட்டிவிட்டுத் தானாக அணைகிற விளக்காம். அந்த ஒரு நிமிஷமும் ஐயாசாமி தம்பியை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அறுபத்து நாலு வயது. சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே போகும் பஸ்களை முப்பத்தோரு வருஷம் ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்றவர். அவர்கள் வகையறாவில் லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவர். சொந்தக் கார் வாங்கிய முதல் ஆளும் அவர்தான். தம்பி அவரைவிடப் பதினாலு வயது இளையவன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைகிற பட்டறை வைத்திருக்கிறான்; பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறான். நல்லவன்தான். அண்ணன் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. அதுவே சில சமயம் ஐயாசாமிக்கு எரிச்சலாக இருக்கும். குறை சொல்ல ஒரு பிடியாவது கொடுக்க வேண்டாமா?

நிச்சயம் முடிந்து கிளம்பும்போது பூவாத்தாள் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்ளே?"

"சொல்லு அம்மணி."

"போட்டோக்காரர் சொல்றாருங்க, பொண்ணழைப்புக்கு மோகனண்ணன் வண்டின்னா வீடியோல பளிச்சுனு வருமாமா..."

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் பெண்ணை அழைத்து வருவது மூத்த தாய்மாமனின் உரிமை. கால்நடையாக வந்த காலத்திலும் அப்படித்தான், மாட்டு வண்டியிலும் அப்படித்தான், வாடகைக் காரிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பாதி வழிக்கு ஆரத்தியோடு நடந்து வந்து எதிர்கொள்வார்கள். மாமன் இறங்கிக் கும்பிட்டு, பெண்ணோடு மண்டபம் சேருவான். பூவாத்தாள் பெற்றது ஒரே பெண். ஐயாசாமிக்குக் கிடைக்கப்போவது இந்த ஒரு தரம்தான்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல அம்மணி?"

"இருக்குதுங்ணா, இருக்குதுங்ணா. நா சும்மா கேட்டேன்."

அந்தச் 'சும்மா'தான் அவரைத் தூங்கவிடவில்லை. உரிமையைப் பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இது விட்டுக்கொடுத்த உரிமை. பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு வந்தவருக்கு அடியில் கிடந்ததை வழித்துப் போடுவதுபோல.

மறுநாள் மகன் பிரவின்குமாரிடம், பட்டும் படாமல், "சித்தப்பன் வண்டியில அந்த வெள்ளை லைட்டு இருக்குதே, அது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

அவன் கைபேசியைப் பார்த்தபடியே, "அந்த மாதிரி வெள்ளைன்னா ஆறாயிரம் கெல்வின் இருக்கும்ப்பா," என்றான்.

ஆறாயிரம். ஐயாசாமி அந்த எண்ணை மனத்தில் முடிந்துகொண்டார்.

*

உக்கடத்தில் அமீர் ஹம்சாவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கார் விளக்கு, ஹாரன், சீட் உறை, எல்லாம் உண்டு. அமீர் ஹம்சாவுக்கு ஐயாசாமியின் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வந்தவரை உட்காரச் சொன்னார். வண்டியை வெளியே பார்த்தார்.

"ஓட்டுறது நீங்களேதானுங்ளா? இல்ல பையனுங்ளா?"

"நாந்தான். முப்பத்தோரு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டினவன், பாய்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லீங்க. எந்த ரூட்டு போறதுக்கு வேணும்? மலையா, மெயின் ரோடா?"

ஐயாசாமி கொஞ்சம் தயங்கினார். மண்டபத்துக்கு என்று சொல்ல முடியுமா? "எல்லாத்துக்கும்தான்," என்றார். "வெளிச்சமா இருக்கோணும். ஆறாயிரத்துக்கு மேல."

அமீர் ஹம்சா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு கடையின் உள்ளறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பலகையில் வரிசையாகப் பல்புகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். எதிரே சுவரோரமாகத் தரையில் ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு.

"நம்பர் ஏற ஏற வெளிச்சம் ஏறும்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. அப்பிடி இல்லீங்க. நம்பர் நெறத்துக்கு. மூவாயிரம் மஞ்சள்." ஒரு சுவிட்சைத் தட்டினார். சுவர் மஞ்சள் தேய்த்துக் குளித்ததுபோல் ஆனது. "நாலாயிரத்து முன்னூறு, வெள்ளையில கொஞ்சூண்டு மஞ்சள். இது ஆறாயிரம், தும்பைப்பூ. இது எட்டாயிரம், நீலம் ஓடின வெள்ளை."

எட்டாயிரம் எரிந்ததும் ஐயாசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது. வெல்டிங் பொறிபோல இருந்தது அந்த வெளிச்சம். தம்பி வண்டியின் வெள்ளை இதன் பக்கத்தில் நின்றால் பழைய வேட்டிபோலத் தெரியும்.

"இருங்க, இன்னொண்ணு பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அமீர் ஹம்சா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ரப்பர் விரிப்பின்மேல் சளசளவென்று ஊற்றினார். "இதுதான் மழை ரோடு. இப்பப் பாருங்க."

மஞ்சளைப் போட்டார். ஈரம், அதன் ஓரம், விரிப்பில் இருந்த ஒரு கிழிசல் எல்லாம் தெரிந்தது. எட்டாயிரத்தைப் போட்டார். தண்ணீர் பளபளத்தது, விரிப்பைக் காணோம். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை.

ஐயாசாமி அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை ஐப்பசி மழை, எத்தனை பனி. அமீர் ஹம்சா சொம்பைத் தூக்கும் முன்பே அவருக்கு விடை தெரியும்.

"இன்னொரு விசயமுங்க. உங்க வண்டியில லைட்டுக்குப் பின்னால இருக்கற கிண்ணம் பழைய பல்புக்குன்னு வார்த்தது. இந்த எல்ஈடிய அதுல போட்டா வெளிச்சம் கட்டுக்குள்ள நிக்காது, செதறும். நீங்க டிம் போட்டாலும் எதிர்ல வர்றவங்களுக்கு டிம்மா இருக்காது. கண்ணுல குத்தும். என்னைக் கேட்டா, நாலாயிரத்து முன்னூறுல நல்ல பல்பா ஒரு ஜோடி போட்டு, வயரிங்கை மாத்திக் கட்டிக்கங்க. அது போதும்."

டிம். அந்தச் சொல் ஐயாசாமிக்குள் எங்கோ போய்த் தட்டியது.

அவர் அப்பா சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணைக்கு இருந்தவர். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இருட்டி வீட்டுக்கு நடக்கும்போது வரப்பில் தோட்டக்காரர், அந்த நிலத்து முதலாளி, எதிரே வந்தால், ஐந்து செல் டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்து, "ஆர்றா அது?" என்பார். யாரென்று தெரியாமல் கேட்பதில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, டார்ச் அணைகிறவரை நின்ற இடத்தில் நிற்பார். பின்னால் ஐயாசாமியும் நிற்பார். அவருக்கு அப்போது எட்டு வயது. அந்த நினைப்பில்தான், ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து எதிரே மாட்டு வண்டி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் அவர் டிம் அடித்துவிடுவார். டெப்போவில் அவருக்கு 'டிம் ஐயாசாமி' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை அவர் ஒரு விருதுபோல வைத்திருந்தார்.

இத்தனையும் ஞாபகம் வந்தது. கூடவே, "லாந்தர் புடிச்சுட்டு வாராங்கன்னு" என்ற குரலும் பந்தலின் சிரிப்பும் ஞாபகம் வந்தன. 'நா சும்மா கேட்டேன்' என்று தங்கை சொன்னதும் ஞாபகம் வந்தது.

"எட்டாயிரமே போடுங்க, பாய்."

அமீர் ஹம்சா அதற்குமேல் வாதாடவில்லை. மகன் தாரிக்கைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார். தாரிக் பானெட்டைத் திறந்து வேலையில் இறங்கினான். கழற்றிய பழைய பல்புகள் இரண்டையும் அமீர் ஹம்சா பழைய பேப்பரில் சுற்றி ஐயாசாமி கையில் கொடுத்தார்.

"இதைத் தூக்கிப் போட்றாதீங்க. வண்டியிலயே வெச்சுக்கங்க."

"எதுக்கு?"

"சும்மாதானுங்க," என்றார் அவர்.

இந்த ஊரில் எல்லோருக்கும் இந்தச் சொல் எங்கிருந்துதான் கிடைத்ததோ என்று நினைத்துக்கொண்டு, ஐயாசாமி பொட்டலத்தை டேஷ்போர்டு பெட்டிக்குள் திணித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டார். சுவரிலிருந்த எறும்பு வரிசை தெரிந்தது. மனைவி ராமாத்தாள் வாசலுக்கு வந்து கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, என்னங்க இது? ஆஸ்பத்திரி ஆப்பரேசன் ரூமாட்டம் இருக்குது."

"எப்பிடி இருக்குது? அதைச் சொல்லு."

"எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்திப்போட்டா. அதைப் பாத்து நீங்களே தெரிஞ்சுக்கங்க."

"மோகன் வண்டியவிடத் தூக்கலா இருக்குதா இல்லியா?"

ராமாத்தாள் கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்தாள். "ஓ, அதுக்குத்தானா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

பெண்ணழைப்பு அன்று மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. இரண்டுக்கும் மாலை போட்டிருந்தார்கள். ஐயாசாமி சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். காலையிலிருந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்திருந்தார். "வழக்கம்னா என்னன்னு தெரிஞ்சு பேசோணும்" என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

அதற்கு வேலையே வரவில்லை. போட்டோக்காரர் வந்து, "எந்த வண்டிங்க முன்னால?" என்று கேட்டதும், மோகன்குமாரே முந்திக்கொண்டு, "இதென்னங்க கேள்வி? அண்ணன் வண்டியிலதான் பொண்ணு வரும்," என்றான். கார்க் கதவையும் அவனே திறந்துவிட்டான். "ஏறு கண்ணு, பெரிய மாமன் வண்டியில."

யுவஸ்ரீ பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் ராமாத்தாள் உட்கார்ந்தாள். ஐயாசாமி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, தீட்டி வைத்த வார்த்தைகளையெல்லாம் திரும்ப விழுங்கினார். வெற்றிதான். ஆனால் எதிரி வராத கபடி ஆட்டத்தில் கிடைத்த வெற்றிபோல் இருந்தது.

பரவாயில்லை, விளக்கு இருக்கிறது. இன்னும் கால் மணியில் இருட்டிவிடும். அப்போது பார்க்கட்டும்.

மேளக்காரர்கள் முன்னால் போனார்கள். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் அடுத்துப் போனார்கள். பிறகு ஐயாசாமியின் வண்டி, அதன் பின்னால் தம்பியின் வண்டி. கடைவீதியைத் தாண்டும்போது தூறல் விழுந்தது. தட்டு ஏந்திய பெண்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மேளக்காரர்களோடு வேகமாக நடந்து முன்னேறிவிட்டார்கள். மண்டபத்துத் தெருவுக்குத் திரும்பியதும் தூறல் மழையானது. பட்டென்று கரண்ட் போயிற்று. தெருவிளக்கு, கடை விளக்கு எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. தெருக்கோடியில் ஜெனரேட்டர் உள்ள மண்டபத்தின் சீரியல் விளக்கு மட்டும் மழைக்குள் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது.

ஐயாசாமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. மாரியாத்தாளே கரண்டை நிறுத்தியதுபோல் இருந்தது. சுவிட்சைத் திருகினார்.

தெரு நீல வெள்ளையாக வெடித்தது. இரண்டு பக்கத்து வாசல்களிலும் நின்றவர்கள், "அட!" என்றார்கள். மழைத் தாரைகள் ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்பியாக மின்னின. அவர் ஓரக்கண்ணால் கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்தார். இப்போது எந்த வெளிச்சம் யாருக்குத் தெரிகிறது?

பார்வையை முன்னால் திருப்பியபோது சாலையைக் காணோம்.

வெள்ளிக் கம்பிகள்தான் இருந்தன. அவற்றுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு பள்ளம்போல் ஏதோ கிடந்தது. ரப்பர் விரிப்பும் சொம்புத் தண்ணீரும் கண்முன்னே வந்தன. பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போனது. அந்தக் கணத்தில்தான் வண்டிக்குப் பத்தடி முன்னால் மனித உருவங்கள் தெரிந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். எதிர்கொண்டு அழைக்கப் பாதி வழிக்கு வந்து நிற்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளையின் அப்பா ஆறுச்சாமி, பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அவர் தங்கை. எல்லோரும் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நின்றது. ஐயாசாமியின் விரல் அவரைக் கேட்காமலே டிம் அடித்தது. முப்பத்தோரு வருஷத்து விரல். ஆனால் எதிரே ஒரு கையும் கீழே இறங்கவில்லை. மறுபடி அடித்தார். வெளிச்சம் இம்மி குறையவில்லை. ஆரத்தித் தட்டுக்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓரமாக ஓரெட்டு வைத்தாள். கால் இடறியது. தட்டு சாய்ந்து மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் மழைத் தண்ணீரோடு ஓடியது.

மேளம் நின்றுவிட்டது.

ஆறுச்சாமி கையை முகத்திலிருந்து எடுக்காமலே சத்தம் போட்டார். "ஏனுங்க பெரியவரே! தோட்டக்காரன் டார்ச் அடிச்சு ஆர்றா அதுன்னு கேக்கறாப்புல, எங்க மூஞ்சீல அடிச்சுப் பாக்கறீங்ளா?"

தெருவே கேட்டது. அதில் ஐயாசாமிக்கு மட்டும் கேட்டது வேறு. வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவரின் முகம் அந்த நீல வெளிச்சத்தில் ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

அவர் விளக்கை முழுவதும் அணைத்தார்.

இருட்டு வந்து கவிந்தது. பின்சீட்டிலிருந்து, "மாமா, என்னாச்சுங்க?" என்றாள் யுவஸ்ரீ. ராமாத்தாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐயாசாமி கதவைத் திறந்து மழையில் இறங்கினார். முதுகை வளைக்காமல்தான் நடந்தார். ஆறுச்சாமி முன்னால் போய் இரண்டு கையையும் குவித்தார்.

"தப்பு என்னுதுங்க. டிம் போட்டனுங்க. இந்தப் பல்புக்கு டிம்முனா என்னன்னு தெரியல. தெரிஞ்சேதான் மாட்டினேன். எங்கப்பன் மூஞ்சீல அப்பிடி அடிச்சிருக்கறாங்க. நா அதைச் செஞ்சிருக்கக் கூடாது."

ஆறுச்சாமியின் குரல் இறங்கியது. "எங்கப்பன் மூஞ்சீலயும்தானுங்க. அதான் வாயில வந்துருச்சு. பெரிய வார்த்தை, மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு திரும்பி, "ஏ புள்ள, இன்னொரு ஆரத்தி கரைச்சுட்டு வா. போனது ஆரத்தி இல்ல, தண்ணி," என்று தங்கைக்குச் சொன்னார். அவள் மண்டபத்தைப் பார்த்து ஓடினாள்.

ஐயாசாமி வண்டிக்குத் திரும்பியபோது தம்பி அங்கே நனைந்துகொண்டு நின்றான். இதோ வருகிறது என்று அவர் நினைத்தார். 'பொண்ண என்ற வண்டிக்கு மாத்திரலாங்ளா' என்று கேட்கப் போகிறான். கேட்டால் மறுக்க முடியாது. விளக்கில்லாத வண்டியில் மணப்பெண்ணை எப்படிக் கொண்டுபோவது? தங்கை கேட்டாள், கொடுக்கவில்லை. இப்போது ஊர் பார்க்க இறக்கிக் கொடுக்க வேண்டும். மண்டபத்துக்கு நூறடிதான் பாக்கி.

"ண்ணா," என்றான் மோகன்குமார், காதோடு. "பார்க் லைட்டு மட்டும் போட்டுக்குங்க. நா உங்களுக்குச் சோத்தாங்கைப் பக்கமா, அரை வண்டி பின்னால தள்ளி வாரேன். என்ற வெளிச்சம் உங்களுக்கு முன்னால விழும். மெதுவாப் போங்க. பொண்ணு எறங்க வேண்டாம். மூத்த மாமன் வண்டியிலேயே போகட்டும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஐயாசாமியால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். ஏளனம் செய்திருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். பெண்ணைக் கேட்டிருந்தால், பிடுங்கிக்கொண்டான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். இவன் உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு வெளிச்சத்தையும் கொடுக்கிறான். எந்த வெளிச்சத்தை முந்த வேண்டும் என்று உக்கடம்வரை போனாரோ, அந்த வெளிச்சத்தை.

டேஷ்போர்டு பெட்டிக்குள் பழைய பல்புகள் கிடந்தன. பகலாக இருந்து, மழை இல்லாமல் இருந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். ஆனால் முகூர்த்தப் பெண் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சம்பந்தி வீடு மழையில் நிற்கிறது. தன் வறட்டுக் கௌரவத்துக்காக இன்னும் பத்து நிமிஷம் இத்தனை பேரையும் நிறுத்தி வைப்பதா?

"செரி," என்றார். "சைடுல வாய்க்கா இருக்குது. பாத்து வா."

"செரிங்ணா."

புது ஆரத்தி வந்தது. சுற்றி முடித்தார்கள். மேளம் மறுபடி எழுந்தது. ஐயாசாமி சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு வண்டியை நகர்த்தினார். வலது பக்கம், அரை வண்டி பின்னாலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் தரையோடு தரையாக வந்து அவருக்கு முன்னால் விழுந்தது. கோடு கிழித்ததுபோல முழங்கால் உயரத்தில் அது நின்றுவிட்டது. எதிரே நடந்தவர்களின் பாதங்கள் தெரிந்தன. சாலையின் ஈரமும் குழியும் தெரிந்தன. யாரும் கையை உயர்த்தவில்லை. போட்டோக்காரர் குடைக்குள் பின்னோக்கி நடந்தபடியே, "சூப்பருங்க, மழையில ரோடே பளிச்சுனு வருதுங்க, இப்பிடியே வாங்க!" என்று கத்தினார்.

நூறடி. முப்பத்தோரு வருஷத்தில் ஓட்டிய லட்சக்கணக்கான மைல்களில் அவ்வளவு நீளமான நூறடியை ஐயாசாமி ஓட்டியதில்லை. ஒவ்வோர் அடியிலும் அவருக்கு வயிறு எரிந்தது. ஒவ்வோர் அடியிலும் வழி துல்லியமாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்தன.

மண்டப வாசலில் பூவாத்தாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, என்ன அழகா வந்துச்சுங்க வண்டி! ரதமாட்டம்!" அவள் நாத்தனாரும் வந்தாள். லாந்தர் என்று சொன்ன அதே வாய், "பெரியண்ணன் ஓட்டுனா ஓட்டுனதுதானுங்க. ஒரு குலுக்கல் இல்லையே," என்றது. யுவஸ்ரீ இறங்கி, நனைந்த தரையென்றும் பார்க்காமல் அவர் காலைத் தொட்டாள்.

"நல்லா இரு கண்ணு," என்றார்.

பெண்ணை உள்ளே அழைத்துப் போன பிறகு வாசல் காலியானது. சற்று முன் ஓரமாக நிறுத்திய தம்பியின் வண்டியில் விளக்கு இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஐயாசாமி அதன் முன்னால் போய் நின்று குனிந்து பார்த்தார். மோகன்குமார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

"இது எங்க மாட்டினது?" என்று கேட்டார்.

"எதுங்ணா?"

"இந்த லைட்டு. ஆறாயிரமா?"

மோகன்குமார் விழித்தான். "நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாதுங்ணா. வண்டியோடவே வந்ததுங்க. நா ஒண்ணும் மாத்தல." பிறகு தயங்கி, "ஏனுங்ணா, பிரச்சினையா?" என்றான்.

அவன் இத்தனை நாளும் அந்த விளக்கைக் கவனித்ததுகூட இல்லை. ஐயாசாமி ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டுப் போட்டியிட்டது எதிராளிக்கே தெரியாத போட்டி. அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டார். அண்ணன் என்ற இடம் ஒன்று இருக்கிறதே!

விளக்கு அப்போதுதான் தானாக அணைந்தது. இருட்டில் அவர் முதுகை நிமிர்த்தினார்.

"டிம்மு கொஞ்சம் தூக்கலா இருக்குது," என்றார். "எறக்கி வெச்சுக்க."

"செரிங்ணா," என்றான் தம்பி.

அது தூக்கலாக இல்லை. இம்மிகூட இல்லை. அதை ஐயாசாமியைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் யாரும் இருக்க முடியாது. மழை விட்டிருந்தது. அவர் தன் வண்டியின் கதவைத் திறந்து, டேஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டு, பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைத் தேடி எடுத்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பாமலே, "அந்தச் செல்லுல டார்ச் இருந்தா கொஞ்சம் புடி," என்றார். "பானெட்டுக்குள்ள மட்டும் புடி. என்ற மூஞ்சீல அடிக்காத."